சுற்றிக் கொடுத்த கேசட்

என் வயதுக்காரர்கள் அந்தப் படத்தின் பெயரைக் கேட்டாலே உருகிவிடுகிறார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வருகிறது. கல்லூரிக் காதல், கலகலப்பு என்று கொண்டாடுகிறார்களே, அதில் முதல் வருடம் படிக்கும் கதாநாயகனைப் பார்த்தால் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தவர் மாதிரி இருக்கிறார். சரி, அது போகட்டும். முதல் பாட்டிலேயே இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது என்பது தியேட்டர் வாசலில் கச்சாங் கடலை விற்பவருக்குக்கூடத் தெரியும். அதற்குப் பிறகும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. நூலகத்தில் அவன், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்கிறான். அவள் புத்தகத்தைப் பார்க்கிறாள். கடைசியில் பேருந்து நிலையத்தில், வண்டி கிளம்பும் நேரத்தில்தான், "சம்மதம்" என்கிறாள். அதை நூலகத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நாம் இடைவேளையோடு எழுந்து போயிருக்கலாம்.

சினிமா என்றால் சோறு தண்ணி இல்லாமல் கிடப்பவள் நான். எனக்கே இந்தப் படம் ஆகாமல் போனதற்குக் காரணம் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போவில் சிலிபினுக்குக் குடிவந்த புதிது. வாராவாரம் அத்தைக்குத் துணையாக வீடியோ கடைக்குப் போவேன். சண்டைப் படம் வேண்டும் என்று நச்சரிப்பேன். கடையில் வேலை பார்த்த அண்ணன், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அதே பாழாய்ப்போன கேசட்டை எடுத்து நீட்டுவார். அத்தையும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வாள். அதில் வரும் விடுதிச் சமையல்காரரின் காமெடி அப்பாவுக்குப் பிடிக்கும் என்பதால் வீட்டில் கேட்பாரில்லை. கேசட்டோ எப்போது பார்த்தாலும் நடுவில் எங்கேயாவது நின்றிருக்கும். முதலிலிருந்து பார்க்க வேண்டுமானால் பின்னால் ஓடவிட்டுக் கொட்டாவி விட வேண்டும். அத்தை திருப்பிக் கொடுக்கும்போதும் அதே லட்சணம்தான்.

அப்பாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை ஈப்போ டவுனுக்குப் போய், கேசட்டைச் சுற்றுவதற்கென்றே கார் வடிவத்தில் விற்ற சிவப்பு மெஷினை வாங்கி வந்தார்.

"சுத்தாம குடுத்தா, தோட்டத்துல இருந்து வந்தவங்க, பழக்கம் தெரியலன்னு பேசுவாங்க லா," என்றார்.

அப்படி யாரும் பேசிவிடக் கூடாது. அப்போது அவருக்கு அது ஒன்றுதான் கவலை.

போன தீபாவளிக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டிவியில் அந்தப் படம். பத்து காஜா ஊர்க்காரரான மாமா, தங்கமான மனிதர், இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலப் படத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையக் காட்சி வந்தது.

"இந்த எடத்துல நிறுத்திதான் குடுக்க வச்சிருந்தேன்," என்றாள் அத்தை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். கடைக்காரம்மா கல்லாவை விட்டு நகராது, பக்கத்தில் நான் வேறு, பேச வழியில்லை. அதனால் அந்த அண்ணன் தான் சொல்ல நினைக்கும் காட்சியில் கேசட்டை நிறுத்திக் கொடுப்பாராம். இவள் தன் பதில் இருக்கும் காட்சியில் நிறுத்தித் திருப்பிக் கொடுப்பாளாம். பத்து காஜாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவான வாரம் கேசட் நூலகக் காட்சியில் நின்று வந்தது. இவள் சம்மதம் என்றால் அவர் வீட்டுக்கு வந்து பேசியிருப்பார். ஆனால் திரும்பி வந்த கேசட்டைப் போட்டவருக்குத் தெரிந்தது, எல்லாப் படத்துக்கும் முன்னால் வருகிற பிள்ளையாரும் சூடமும்தான்.

"வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே அத்தை?" என்றேன்.

"அவரும் வாயத் திறந்து கேக்கல லா. அடுத்த வாரம் போனேன். வேற படத்தக் குடுத்தாரு. நிமிந்துகூடப் பாக்கல."

எனக்கு வந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. டிவியை அணைத்தேன்.

மெஷின் வந்த அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது டிவி மேல் கேசட் இல்லை. அப்பா தாமே எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். கேட் வரை ஓடிப் பார்த்தாள். மோட்டார் சைக்கிள் முனை திரும்பிவிட்டது. திரும்பி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்படியேதானே எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டாள். சுற்றாமல் கொடுத்து நம் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது.

"இல்ல அத்தை. புது மெஷின்ல முழுசா சுத்திட்டுதான் போனாரு. கவலப்படாதீங்க," என்றேன்.

அத்தை வாசல்படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா கேட்டதற்குத் தலைவலி என்றாள். ஒரு கேசட் ஒழுங்காகக் கடைக்குப் போனதற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குக் கோபமாக வந்தது. அடுத்த வாரமாவது சண்டைப் படம் கிடைக்க வேண்டும் என்று சாமி மேடை முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன்.

கிடைத்தது. வீடு வரும்வரை கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குதித்துக் குதித்து, அத்தைக்கு முன்னால் நடந்தேன்.