அடுக்களையின் நாலாவது சுவர்

அந்தத் தெருவில் சுத்தியலக்கா என்றால்தான் அவளைத் தெரியும். இடிக்கிற கட்டடங்களில் விழும் செங்கற்களில் ஒட்டியிருக்கும் காரையைக் கொத்தி எடுத்து, மறுபடி கட்டுவதற்கு ஆகும் கல்லாக அடுக்கித் தருவது அவள் வேலை. சுண்ணாம்புக் காரை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும். சிமெண்டுக் காரை முரண்டு பிடிக்கும்; கல்லே உடைந்தாலும் விடாது. அதனால் அவள் வாயில் சிமெண்டு என்பது ஒரு வசவு. கல்யாணமான புதிதில் அந்தப் பட்டம் புருஷனுக்குப் போனது. பிறகு மகளுக்கும் பங்கு கிடைத்தது.

புருஷன் கொத்தனார். கட்டவும் தெரியும், இடிக்கிற வீட்டில் கதவையும் ஜன்னலையும் கீறல் படாமல் கழற்றவும் தெரியும். அப்படிச் சேர்ந்ததை வைத்து இருவரும் கட்டிய வீடு அது. அதில் எந்த இரண்டு ஜன்னலும் ஒரே உயரத்தில் இல்லை. கூடத்துத் தரை மூன்று நிறம். குளியலறைக் கதவு ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தது. அதில் 'மேலாளர்' என்று எழுதியிருந்ததை யாரும் சுரண்டவில்லை. அவசரத்துக்குப் போய்த் தட்டினால், "மேலாளர் மீட்டிங்ல இருக்கார், அப்புறம் வா" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் சாமான், அப்புறம்தான் சுவர். ஜன்னல் வந்து சேர்ந்தால் அதன் அளவுக்குச் சுவர் எழும்பும். அடுக்களையின் நாலாவது சுவருக்கு மட்டும் எதுவும் வாய்க்கவில்லை. நல்லதாக அமையட்டும் என்று கொத்தனார் காத்திருக்க, நாலு மழைக்காலமாக அங்கே நீலத் தார்ப்பாய் தொங்கியது. காற்றோடு மழை அடித்தால் சாரல் நேராக அடுப்புக்கு வரும். ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி என்று அவள் சமைத்த கதையைத் தெருவே சொல்லிச் சிரித்திருக்கிறது. அவளும்தான். இந்த முறை மேகம் கறுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மழைக்குள்ள சுவர் எழும்பலைன்னா மேலாளர் ரூம்லதான் உலை வைப்பேன், சொல்லிட்டேன்."

பலன், இரண்டு ஜன்னல்களுக்கு ஒரே நாளில் வழி பிறந்தது. கொத்தனார் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் கம்பி ஜன்னலைத் தோளில் சுமந்து வந்தார். மகள், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறி இப்போது கட்டட அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடுகிறவள், புத்தம்புதுக் கண்ணாடி ஜன்னலின் படத்தைச் செல்போனில் கொண்டுவந்தாள்.

"சட்டம் அத்தனையும் தேக்கு. ஒரு இடம் அரிக்கல. இதை விட்டுட்டு அந்தத் தகரத்தை மாட்டணுமா?"

"அது அலுமினியம்ப்பா."

"தகரத்துக்குத் தம்பி."

"ஏண்டி, பழைய சாமான்ல கட்டுறதுக்கு உங்க ஆபீஸ்ல ஏதோ பேர் சொல்லுவியே?" என்றாள் சுத்தியலக்கா.

"நிலைத்தகு கட்டுமானம்."

"நாங்க செஞ்சா பழைய சாமான். நீங்க செஞ்சா இத்தனை நீளப் பேரா?"

மகள் சிரிக்கவில்லை. "எனக்கே குழப்பமாத்தாம்மா இருக்கு. வர்றவங்ககிட்ட பழசை வச்சுக் கட்டுங்கன்னு மனசார நம்பித்தான் சொல்றேன். ஆனா அவங்க ஆசைப்பட்டு வாங்குறாங்க. நீ வேற வழியில்லாம வாங்கின. யாரும் தொடாத சாமான்னு உனக்கு இந்த வீட்டுல ஒண்ணாவது இருக்கா?"

சுத்தியலக்கா சுற்றிலும் பார்த்தாள். இல்லைதான். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. ஆனால் மகளின் குரலில் தவிப்பு இருந்தது. அந்தப் பக்கம் கொத்தனார் ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். எதை வேண்டாம் என்றாலும் ஒரு முகம் தொங்கிப்போகும்.

"அளவாவது பார்ப்போம், பிடி" என்று அவர் தார்ப்பாயைச் சுருட்டினார். முணுமுணுத்தாலும் மகள் மறுமுனையைப் பிடித்தாள். ஜன்னல் இடுப்புயரத்துக்கு எழுந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரி, வாங்கிப்போன சல்லடையைத் திருப்பித்தர வந்தாள். வழக்கம்போலத் தார்ப்பாயை விலக்கக் கை நீட்டியவள் கம்பியில் இடித்துக்கொண்டாள். உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி.

"அக்கா, ஒரு டிக்கெட் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரி சல்லடையைக் கம்பிக்குள் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. "ஆமா, இனிமே நான் தெருவைச் சுத்திக்கிட்டு முன்வாசல் வழியாவா வரணும்?"

சுத்தியலக்காவின் சிரிப்பு நின்றது. இவள் காய் நறுக்குவதும், அவள் பட்டன் தைப்பதும், இருவருமாகத் தெருவின் தலையை உருட்டுவதும் இந்தத் திறப்பில்தான். மழை வரக்கூடாது என்றுதானே கேட்டாள்? இவளும் வரமாட்டாள் என்று யோசிக்கவே இல்லையே.

"இறக்குங்க. ரெண்டு ஜன்னலும் வேணாம். கதவு வைங்க."

"அப்போ வெளிச்சம்?" அப்பாவும் மகளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"நல்ல சிமெண்டு ரெண்டும். ஒரே கலவை."

மூலையில் கல்மேல் கிடந்த பலகையிலிருந்து பாத்திரங்களை இறக்கினாள். அது பலகை இல்லை. மருந்துக் கடையொன்றின் கதவு, நடுவே அறுத்து, மேல்பாதி தனியாகவும் கீழ்ப்பாதி தனியாகவும் திறக்கிற மாதிரி. பாத்திரம் சுமந்து சுமந்து, அது கதவு என்பதையே கொத்தனார் மறந்திருந்தார்.

"மேல்பாதியைத் திறந்தா வெளிச்சம். மழை அடிச்சா ரெண்டையும் சாத்திக்கிறேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "கீல் துருப்பிடிச்சுப் போச்சு. கீலும் தாழ்ப்பாளும் நீ வாங்கிட்டு வா. கடையில யாரும் தொடாததா பார்த்து."

மகள் செருப்பை மாட்டினாள். கொத்தனார் தேக்கு ஜன்னலைக் கொல்லையில் சாய்த்துவைத்தார். "இருக்கட்டும். இதுக்கும் ஒரு சுவர் கிடைக்காமலா போகும்?"

சுவர் எழும்பிக் கதவும் ஏறிய பிறகு, ஒரு சாயங்காலம் முதல் மழை வந்தது. கதவின் இரண்டு பாதியும் சாத்தியிருக்க, அடுப்பு ஆடாமல் எரிந்தது. மழை விட்டதும் மேல்பாதி திறந்து தையல்காரியின் தலை நீண்டது.

"என்னக்கா, கதவு திறந்த சத்தமே வரல! திருடன் வந்தாக்கூடத் தெரியாது போலிருக்கே."

"இங்க திருட என்னடி இருக்கு? எல்லாம் இடிச்ச வீட்டுச் சாமான்." சொல்லிவிட்டுக் கதவை ஒருமுறை சாத்தித் திறந்து பார்த்தாள். "கீல் இருக்கு. அதை மட்டும் பத்திரமா பார்த்துக்கணும்."

மேலாளர் அறைக்குள்ளிருந்து மகள் சிரிப்பது கேட்டது.