காற்று நுழையாத ஒரு சனிக்கிழமை

ரோஸ்விதா ஐசெலேவிடம் காரைக் கொண்டுவருகிறவர்கள் வந்ததும் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். எங்கே ஒழுகுகிறது, எப்போதிலிருந்து, யார் யார் பார்த்துக் கைவிட்டார்கள் என்று. அவள் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்துவாள். காருக்குள் தரையில் செய்தித்தாளை விரித்து, கதவைச் சாத்தி, கூரைமேல் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பாள். பத்து நிமிடம் கழித்துத் தாளில் எந்த இடம் நனைந்திருக்கிறது என்று பார்ப்பாள். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது, கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பது அவளுடைய இருபது வருட அனுபவம்.

அதற்கு முன் பதினேழு வருடம் நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலையில் கார் சீட் தைத்துக்கொண்டிருந்தாள். மேலாளரோடு ஒரு நாள் வாய்த்தகராறு. மறுநாளே வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டிலைக் கழுவிவிட்டுப் பட்டறை ஆக்கிக்கொண்டாள். கூரையைக் கழற்றி மாட்டுகிற பழைய இரண்டு சீட் கார்கள் மட்டும்தான் அவளிடம் வரும். கழற்றலாம் என்று ஒரு கூரையைச் செய்துவிட்டால் முன்னால் ஒரு இணைப்பு, பின்னால் ஒன்று, கண்ணாடி வந்து முட்டும் இடம் இரண்டு. ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகினால் போதும், மழையும் காற்றும் சொந்தக்காரர்கள் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த அக்டோபரில் ஒரு புதன்கிழமை, கரும்பச்சை நிறக் கார் ஒன்றில் எவால்டும் மார்லிஸும் வந்து இறங்கினார்கள். எவால்ட் ஓய்வு பெற்ற நில அளவையாளர். நல்ல வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். பேசியது அவர் மனைவி மார்லிஸ்தான்.

"ஒழுகறதப் பத்தி இல்லைங்க. அது இருபது வருஷமா என் முட்டிமேல சொட்டுது, அதுக்குத் துண்டு வச்சிருக்கேன். இந்தக் காத்துச் சத்தம்தான் போகணும். வர்ற செவ்வாய்க்கிழமைக்குள்ள."

"செவ்வாய்க்கிழமை என்ன?"

"ஆபரேஷன். இவருக்குத் தொண்டையில. குரல்வளைய எடுத்துடறாங்க." நாளைக்கு மழை வரும் என்பது மாதிரித்தான் மார்லிஸ் அதைச் சொன்னார். "இப்பவே பாதிக் குரல் போயிடுச்சு. கார் ஓடறப்ப இவர் பேசறது ஒண்ணும் என் காதுல விழல."

"அப்ப வீட்லயே உக்காந்து பேசிக்கலாமே?"

மார்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்லயா? இவரா? வீட்ல எப்பவும் வாயில கொழுக்கட்டதான். ஸ்டியரிங்கப் பிடிச்சாத்தான் இவருக்கு வாய் தொறக்கும். என்னக் கட்டிக்கறியான்னு கேட்டதே கார்லதான், ஒரு லாரிய முந்திக்கிட்டு இருக்கறப்ப. பயத்துல சரின்னுட்டேன்."

எவால்ட் ஏதோ சொன்னார். ரோஸ்விதா குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது. "ரோட்டப் பாத்துட்டிருந்தா வரும்," என்றார் அவர். "மூஞ்சியப் பாத்தா வராது."

ரோஸ்விதாவுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தப் பக்கத்து ஆண்கள் அப்படித்தான். சமையலைத் திட்டாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாலே பாராட்டியதாக அர்த்தம். ஆனால் எவால்டுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, அதைச் சொல்ல இன்னும் ஆறு நாள் குரல்தான் இருக்கிறது.

தண்ணீர் பிடித்தாள். முன் வலது மூலையில் தாள் ஊறிப் போயிருந்தது. கூரையைத் தூக்கி, ஓரத்து இடுக்கை அடைக்கிற ரப்பர் பீடிங்கை நகத்தால் அழுத்தினாள். பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்துக் கிடந்தது.

"இத எப்ப மாத்துனீங்க?"

எவால்டின் முகம் மலர்ந்தது. கொஞ்சம் இருங்கள் என்பதுபோல் ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, டிக்கியிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே புத்தம்புது பீடிங், கம்பெனிச் சீட்டோடு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் வாங்கியதாம். பழையது இன்னும் தாங்குகிறதே, நல்லதை எதற்கு வீணாக்குவது என்று நிலவறையில் பத்திரமாக வைத்திருந்தாராம்.

ரோஸ்விதா அதை வெளியே எடுத்து விரித்தாள். மூன்றாக மடித்து வைத்த இடமெல்லாம் வெடித்திருந்தது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். ஆனால் இது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது.

"ரப்பர் என்ன ஒயினாங்க, வைக்க வைக்க ருசி ஏற? வாங்குன அன்னிக்கே மாட்டியிருந்தா இந்தம்மா முட்டி இருபது வருஷம் நனைஞ்சிருக்குமா?"

எவால்ட் தலையைக் குனிந்துகொண்டார். ரோஸ்விதாவுக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த கோப்பைகள் அவள் வீட்டு அலமாரியில் இன்னும் சுற்றிய தாளோடுதான் இருக்கின்றன. அதை அவள் வெளியே சொல்லவில்லை.

புது பீடிங்குக்குப் போன் செய்தாள். வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கெஞ்சினாள், அவள் வழக்கமாகச் செய்யாத காரியம். மூன்று வாரம்தான்.

சரி, பழசையே பார்ப்போம் என்று இறங்கினாள். வியாழன் முழுக்க அதே வேலை. வடிகால் துளையில் நைலான் நரம்பை விட்டுக் குத்தி, பல வருடத்து இலைக்குப்பையை வெளியே இழுத்தாள். விறைத்த ரப்பர் இளகுவதற்காக மான் கொழுப்பைத் தேய்த்துத் தேய்த்து ஊறவைத்தாள். பவுடரைத் தூவிக் கூரையை மூடித் திறந்து, எந்த இடத்தில் தடம் விழவில்லை என்று பார்த்தாள். கொக்கிகளை இறுக்கினாள், பக்கக் கண்ணாடியை ஒரு நூல் உள்ளே சாய்த்தாள். வெள்ளி மதியம் மறுபடி தண்ணீர் பிடித்தபோது தாள் காய்ந்தே இருந்தது.

தண்ணீர் நின்றுவிட்டது. இனி காற்று.

காற்றைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரே வழிதான் உண்டு. இணைப்பு எல்லாவற்றின்மீதும் அகல டேப்பை ஒட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டும். சத்தம் இருக்காது. பிறகு நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு டேப்பாக உரிக்க வேண்டும். எதை உரித்ததும் சத்தம் வருகிறதோ, அங்கேதான் ஓட்டை. இருவரையும் பட்டறைக்கு வரவழைத்து, எவால்டை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நூறு கிலோமீட்டர் வேகம்.

"எதையாவது பேசிக்கிட்டே வாங்க. எனக்குக் கேக்குதான்னு பாக்கணும்."

"என்ன பேச?"

"ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, போதும்."

எல்லா டேப்பும் இருந்தபோது கரகரவென்ற அந்தக் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. பின்பக்கம் உரித்தாள், கேட்டது. பக்கங்களை உரித்தாள், பதினெட்டு, பத்தொன்பது என்று கேட்டது. முன்பக்கத்தை உரித்ததும் விசில் கிளம்பியது. எவால்டின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எண் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் கையை விரித்தாள். "முன்பக்கம் புது பீடிங் இல்லாம நிக்காதுங்க. என்னால ஆனதெல்லாம் செஞ்சுட்டேன்."

"அந்த டேப்ப அப்படியே ஒட்டி விட்டுடுங்களேன்," என்றார் மார்லிஸ்.

"அது ஓட்டையக் கண்டுபிடிக்கறதுக்குங்க. ஒட்டி அனுப்பறதுக்கு இல்ல. என் பட்டறையிலேர்ந்து அப்படி ஒரு வண்டி வெளிய போனதில்ல."

மார்லிஸ் கெஞ்சிப் பழக்கமில்லாத மனுஷி. கைப்பையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

ரோஸ்விதா கை கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கொழுப்புப் போகத் தேய்த்துக்கொண்டே நின்றாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு காருக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியிலிருந்து அவள் கணவன் லோதார் என்னவோ கூப்பிட்டுச் சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. "அப்புறம்!" என்று கத்தினாள். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தபோது படியிலேயே உட்கார்ந்தபடி உயிரை விட்டிருந்தான். ரொட்டிக் கத்தி எங்கே என்றுதான் கேட்டிருப்பான். நிச்சயம் அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுப்பாள். குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க. ஒட்டி வைக்கறேன்."

மறுநாள் சனிக்கிழமை. அந்தத் தெருவில் சனிக்கிழமை காலையில் துடைப்பத்தோடு வெளியே வராதவர்களை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். எவால்டின் கார் பட்டறையை விட்டு வெளியே வந்தபோது தெருவே வாசல் பெருக்கிக்கொண்டிருந்தது. மெருகேற்றிய கரும்பச்சைமேல் முன்னும் பின்னும் மஞ்சள் டேப், இரண்டு அடுக்கு. கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தாள் ரோஸ்விதா. எவால்ட் தொப்பியை நெற்றிவரை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினார்.

எதிர்வீட்டு கெர்லிண்டே துடைப்பத்தை ஊன்றி நின்றாள். "ஏன் ரோஸ்விதா, உன் வேலையா அது? தபால்ல அனுப்பற பார்சல் மாதிரி இருக்கு!"

ரோஸ்விதாவின் காது மடல்வரை சூடேறியது. "ஆமா," என்றாள். "என் வேலைதான்." குனிந்து, ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள்.

நவம்பர் இரண்டாவது வாரம் புது பீடிங் வந்தது. சொல்லி அனுப்பினாள். இந்த முறை மார்லிஸ் ஓட்டிவந்தார். எவால்ட் பக்கத்தில் இருந்தார், இளைத்து, கழுத்தில் இரண்டு சுற்றுத் துணியோடு, மடியில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு. கூரையில் டேப் அப்படியே இருந்தது.

என்ன நடந்தது என்று ரோஸ்விதா கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவளிடம் இல்லை. மார்லிஸே சொன்னார்.

"அன்னிக்கு ஏரி வரைக்கும் போனோங்க. முதல் ஒரு மணி நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் சொல்றாரு, என் உருளைக்கிழங்கு சாலட்ல எப்பவுமே வினிகர் ஜாஸ்தியாம். நாப்பத்தோரு வருஷம் வாயத் தொறக்காமத் தின்னிருக்காருங்க மனுஷன்!"

எவால்டின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"அப்புறம்?" என்று ரோஸ்விதாவின் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"அப்புறம் சொன்னதெல்லாம் எனக்கு மட்டும்," என்றார் மார்லிஸ். "ஒரு வார்த்த விடாம கேட்டுச்சுங்க."

ரோஸ்விதா சட்டென்று திரும்பிப் புது பீடிங்கை எடுத்தாள். "ரெண்டு மணி நேரம் குடுங்க. மாட்டிடறேன். இனிமே ஒரு பொட்டுச் சத்தம் வராது."

எவால்ட் நோட்டில் ஏதோ எழுதி மனைவியிடம் காட்டினார். மார்லிஸ் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"அத அப்புறம் பாத்துக்கலாங்க. இப்போதைக்குக் கூரையக் கழட்டிக் குடுங்க, போதும்."

"நவம்பருங்க! குளிருமே. சத்தம் வேற காதப் பிளக்கும்."

"பிளக்கட்டும்," என்றார் மார்லிஸ். "இனிமே உள்ள கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. காத்து வரட்டும்."

ரோஸ்விதா பீடிங்கைக் கீழே வைத்துவிட்டு டேப்பை உரிக்க ஆரம்பித்தாள். நன்றாகத்தான் ஒட்டியிருந்தாள், லேசில் வரவில்லை.