புல் பிடிக்கட்டும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க அம்மாவின் சேலைகளைக் கட்டிவிட்டிருந்தோம் என்று சொன்னால், சென்னையில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சமதரையில் பிறந்தவர்களுக்கு அது புரியாது. அந்தமானில் சமதரை என்பது கோயில் சுண்டல் மாதிரி, முந்தி நின்றவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். பிந்தி வந்த அப்பாவுக்குப் புரோத்ராபூரில் கிடைத்தது ஒரு மலைச்சரிவு. அதன் அடியை வெட்டி எடுத்துத்தான் வீடு கட்டினார். வெட்டும்போது மேட்டில் இருந்த மரமும் செடியும் போய்விட, அடுப்படிக்குப் பின்னால் மொட்டையாகச் செம்மண் சரிவு நின்றது.

குடிவந்த வருஷமே அந்த மண் எங்களைப் பார்க்க வந்துவிட்டது. மழை பிடித்த வேகத்தில் பின்கதவின் அடியில் நுழைந்து அடுப்படியெல்லாம் சேறாகப் பரவியது. அம்மா முறத்தால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். இன்னொரு மழைக்காலம் இப்படியே கரைந்தால் மேடு மொத்தமாகச் சுவர்மேல் சாய்ந்துவிடும் என்று அப்பா ஒப்புக்கொண்டார். அவர் எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் இல்லை.

அடுத்த சித்திரையில் மாமா கப்பலில் வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. வழியெல்லாம் வாந்தி எடுத்து முகம் வெளிறிப் போயிருந்தாலும் வந்த காரியத்தை வாசலிலேயே சொல்லிவிட்டார். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த தாத்தாவுக்கு உடம்பு முன்னைப்போல் இல்லை, மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார், அம்மாவையும் என்னையும் கையோடு அழைத்துப்போகத்தான் வந்திருப்பதாகச் சொன்னார். கல்யாணமாகித் தீவுக்கு வந்தபின் அம்மா ஊருக்குப் போனதே இல்லை. டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு நாலைந்து சுங்குடிச் சேலைகளை வைத்திருந்தாள். ஏன் கட்டுவதில்லை என்று கேட்டால், "அது மெயின்லேண்ட் போறப்ப கட்ட" என்பாள். அன்று சாயங்காலம் அவற்றை எடுத்து உதறி மறுபடி மடித்து வைத்தாள். நான் கப்பல் ஏறப்போவதைத் தெருவெல்லாம் சொல்லி முடித்தேன்.

மாமா வெறுங்கையோடு வரவில்லை. மேடு கரைகிற கதையைப் போனில் கேட்ட தாத்தா, தன் புன்செய்க் காட்டில் ஆடுமாடுகளுக்காக விட்டுவைத்திருந்த கொழுக்கட்டைப்புல்லின் விதையை ஒரு தலையணை உறை நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தார். பெயரைக் கேட்டு ஆசையாக ஓடிப்போய் உறைக்குள் கைவிட்டவள் நான். பஞ்சு பஞ்சாக ஏதோ ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

விதைப்பு வேலையை மாமாவே ஏற்றுக்கொண்டார். அவர்கள் ஊரில் வானம் பார்த்த பூமி. மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதையைத் தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். மழை போனால் போகிறதென்று ஒருநாள் வந்து எட்டிப் பார்க்கும், அந்த ஈரத்துக்கு முளைத்துவிடும். அதே தைரியத்தில் மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி, ராஜா காசை வீசுவதுபோல் விதையை வீசினார். அம்மா மட்டும் பாதியைத் தரமாட்டேன் என்று உறையோடு எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் மழை ஏமாற்றினால் இரண்டாம் மழைக்கு விதை வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

தீவின் மழை எட்டிப் பார்க்கிற மழை இல்லை, வந்தால் தங்கிவிடுகிற விருந்தாளி. ஒரே நாளில் விதையையும் விதைத்த மண்ணையும் வழித்துக்கொண்டு கீழே போயிற்று. கொஞ்ச நாள் கழித்துக் கீழ்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அரே, தும்லோக் கா காஸ் ஹமாரா ஆங்கன் மே உக் கயா!"

எங்கள் புல் அவர் முற்றத்தில் முளைத்துவிட்டதாம். போய்ப் பார்த்தால் உண்மைதான், துணி துவைக்கும் கல்லைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று நின்றது. அப்பாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை.

"என்ன மாப்ள, உங்க ஊரு மழைன்னு நெனச்சிட்டீங்களா?"

மாமா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலுக்கு அதிக நாள் இல்லை.

அவள் பார்வையில் பட்டது ஒரு பழைய சேலை. முதல் மழையன்று கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டுபோய் மேட்டில் ஒட்டவைத்த வீட்டுச் சேலை, எடுக்க யாருக்கும் ஞாபகமில்லை. அம்மா ஏறிப்போய் அதன் ஓரத்தைத் தூக்கினாள். சுற்றிலும் மண் வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துக்கொண்டு போயிருக்க, சேலைக்கு அடியில் மட்டும் மண் அப்படியே இருந்தது. அதில் வெளிறிய முளைகள், தலைகுனிந்து நின்றன. தூக்கிய வேகத்திலேயே திரும்ப மூடிவிட்டு, குழந்தை தூங்குகிறது என்பதுபோல் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

அன்றே வீட்டில் இருந்த பழைய சேலைகள் எல்லாம் மேட்டுக்குப் போயின. மீதி விதையைத் தூவி, மேலே சேலையை விரித்து, மூங்கில் முளை அடித்தோம். முதலில் மேலிருந்து கீழாக விரித்ததில் தண்ணீர் அதன்மேல் சறுக்குமரம் விளையாடியது. பிடுங்கிக் குறுக்காகக் கட்டினோம். பாலியெஸ்டர் சேலைகள் தண்ணீரைக் குடிக்காமல் வழியவிட்டு அடியில் குழி பறித்தன. அவற்றைக் கழற்றி எறிந்தோம். பருத்திதான் நின்றது, பருத்தியோ பாதி மேட்டோடு தீர்ந்துபோனது. மீதி இருந்தது அடுப்படிக்கு நேர் பின்னால் இருந்த செங்குத்தான பாகம்.

அம்மா உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

"யக்கா, அதையுமா? ஊருக்கு என்னத்தக் கட்டிக்கிட்டு வருவ?" என்றார் மாமா.

"மண்ணு வந்து அடுப்புல விழுந்துச்சுன்னா நான் எங்கிட்டுடா வர்றது?"

மஞ்சள், மயில்கழுத்து, வெங்காயச்சருகு, அரக்கு. எனக்குக் குதூகலம் தாங்கவில்லை, மேட்டுக்குத் திருவிழா வந்ததுபோல் இருந்தது. சாலையில் போகும் டவுன் பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டு பார்த்தன. அடுத்த மழையில் அரக்குச் சேலையின் சாயம் இறங்கி எங்கள் சாக்கடையில் சிவப்பாக ஓடியது. "சாயம் போகாதுன்னு சத்தியம் பண்ணித்தான் குடுத்தான் கடைக்காரன்," என்றாள் அம்மா.

மாமா தனியாகத்தான் கப்பல் ஏறினார். "புல்லுப் பிடிச்சதும் வந்துருவேன்னு அப்பாட்டச் சொல்லு," என்று அம்மா அவரிடம் சொல்லி அனுப்பினாள். கப்பல் போச்சே என்று நான் இரண்டு நாள் அழுதேன்.

புல் பிடித்தது. பழைய சேலைகள் நைந்து, முளைகள் தாமாகத் துளைத்துக்கொண்டு வந்தன. சுங்குடிகள் புதுத்துணி, விடவில்லை. உள்ளே முளைகள் முட்டிக்கொண்டு நின்ற இடங்களைப் பார்த்துப் பார்த்து அம்மா பிளேடால் கீறிவிட்டாள். மழைக்காலம் முடியும்போது துணியே தெரியவில்லை. அடுப்படிக்குள் ஒருபிடி மண் வரவில்லை.

ஆனால் அதற்குள் அப்பாவுக்கு, வேறொரு தீவில் இருக்கும் ஹட்பேக்கு மாற்றல் வந்துவிட்டது. எப்போதாவது கப்பல் கிடைத்தால் வந்துபோவார். வீட்டையும் என் பள்ளிக்கூடத்தையும் போட்டுவிட்டு அம்மாவால் எங்கும் நகர முடியவில்லை. அதை அவள் பிறந்த வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அப்பாவைக் குறை சொன்னதாகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

எங்கள் வீட்டில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த மேட்டின் உச்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கவாட்டுப் படி வழியாக ஏறி, புல்லுக்கு நடுவில் நின்று பேசுவோம். தாத்தா நலம் விசாரித்து முடித்ததும் மறக்காமல் கேட்பார்.

"ஏத்தா, புல்லுப் பிடிச்சிருச்சா?"

முழங்காலைத் தொடும் புல்லில் நின்றுகொண்டு அம்மா சொல்வாள்:

"இன்னும் பிடிக்கலப்பா. அங்கங்க சொட்டையாத்தான் இருக்கு."

"அவசரப்படாதத்தா. மெதுவாப் பிடிக்கட்டும்."

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வரும். பொய் சொன்னால் என் காதைத் திருகுகிறவள், புல்மேல் நின்றுகொண்டே புல் இல்லை என்கிறாளே! ஒருமுறை கேட்டும்விட்டேன். அவள் ஒரு கதிரை உருவி, பஞ்சை விரலில் தேய்த்து ஊதிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே கேள்வி, அதே பதில். தாத்தாவுக்கு ஞாபகமறதி என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இப்போதும் பனிக்காலம் முடிந்தால் அந்த மேட்டில் கதிர்கள் அணில்வால் போல் ஆடும் என்று அம்மா போனில் சொல்கிறாள். உச்சியில் அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்போல் இருக்கிறது, எதுவும் கேட்காமல்.

தாத்தா கடைசிவரை, "ஏன் வரவில்லை?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. புல்லைத்தான் கேட்டார். காட்டிலேயே பிறந்து காட்டிலேயே நரைத்த மனிதர், அனுப்பியதும் அவர் கைவிதை. ஒரு மழைக்கு முளைத்து மறுமழைக்குக் கதிர்விடுகிற புல், நாலு வருஷமாகியும் பிடிக்கவில்லை என்றால் அவருக்கா தெரியாது?