என் பெயருக்கு மூட்டை சுமந்தவர்

அம்மனை நம்பி வந்திருக்கும் உங்களிடம் என் வெட்கத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வந்த மறு வருடம், தைப்பூசம் கழிந்த சமயம். மலாக்கா ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கூலி, அரிசியும் மரவள்ளிக்கிழங்குமாகக் கிடைத்தது. அதை நம்பித்தான் டவுனை ஒட்டிய காஜா பேராங் குடியிருப்பில் என் மனைவி லெட்சுமியும் மூன்று வயது மகளும் உயிரோடு இருந்தார்கள்.

ரப்பர் தோட்டங்கள் மூடிக்கிடந்தன. தோட்டத்து ஜனங்கள் பிழைப்புத் தேடி டவுனில் வந்து குவிந்தார்கள். வெறும் கிழங்குக்கே சுமக்கத் தயாராகக் கிடங்கு வாசலில் நின்றார்கள். கிடங்கில் வேலை வாங்கும் மண்டோர் எங்கள் அரிசியைக் குறைத்தார். "முடியலன்னா போ, வெளிய ஆள் நிக்குது" என்பார். ஒரு நாள் வராவிட்டால் ஆள்பட்டியலில் பெயரை அடித்துவிடுவார். எனக்குத் தோட்டத்து ஆட்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. நான்கு வீடு தள்ளி ஒண்டியிருந்த முனியாண்டி என்ற தோட்டத்து ஆளை வரிசையிலிருந்து பிடித்துத் தள்ளினேன். கோயிலுக்குப் போய், "இவர்களை வந்த வழியே துரத்து, தாயே" என்று வேண்டினேன்.

அந்த வாரமே மலேரியாவில் விழுந்தேன். மகளின் கால்கள் பசியில் ஏற்கெனவே வீங்கியிருந்தன. என் இடம் போய்விட்டது, இனிப் பிள்ளைக்குச் சோறில்லை என்று அழுதேன். "பிள்ளையை மட்டும் காப்பாற்று" என்று படுத்தபடியே கெஞ்சினேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை முனியாண்டி வாசலில் நின்றார். கையில் துண்டில் முடிந்த அரிசி.

"மண்டோர் ஒங்க பேரக் கூப்பிட்டாரு. நான் இருக்கேன்னு சொல்லி உள்ள போயிட்டேண்ணே. தெனம் புது மூஞ்சியா வருது, அவருக்கு ஆளு தெரியல. கெழங்க மட்டும் நான் எடுத்துக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"ஒங்க பேரையே குடுத்திருக்கலாமேண்ணே?" என்றாள் லெட்சுமி.

அவர் புரியாமல் பார்த்தார். "தோட்டத்துல ஒருத்தன் காய்ச்சல்ல படுத்தா, பக்கத்து நெரைக்காரன் அவன் மரத்துலயும் சேத்துப் பால் வெட்டி எடுப்பான். பேரு அழியக்கூடாதில்ல? இங்கயும் அப்படித்தானே?"

"ஆமாண்ணே" என்று சொல்லி லெட்சுமி அரிசியை வாங்கிக்கொண்டாள்.

எட்டு நாள் என் பெயருக்குச் சுமந்தார். மகள் பிழைத்தாள். எழுந்ததும் அவர் காலில் விழப்போனேன். பதறி விலகிவிட்டார். அதன்பின் ஜப்பான்காரன் போகும்வரை ஒரே பெயருக்கு ஒரு நாள் அவர், ஒரு நாள் நான் என்று மாறி மாறிப் போனோம். அரைவயிறுதான். ஆனாலும் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அம்மனிடம் கேளுங்கள். பசிக்குச் சோறு கேளுங்கள், நோய்க்கு மருந்து கேளுங்கள், கட்டாயம் தருவாள். இன்னாரைத் துரத்து என்று மட்டும் கேட்காதீர்கள். என் முதல் வேண்டுதலை அவள் நிறைவேற்றியிருந்தால், என் மகளை நானே புதைத்திருப்பேன்.