பாயைத் திருப்பிப் போட்ட நாள்

ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளி ஒரே அறை. கிழக்குச் சுவரோரம் தலைமையாசிரியர் தெலுங்கில் நடத்துவார். மேற்குச் சுவரோரம் நான் தமிழில். பிள்ளைகள் நடுவில் பாய் போட்டு, முதுகுக்கு முதுகு காட்டி உட்காருவார்கள். இரு பக்கத்துக்கும் பொதுவானவை: ஒரு கதவு, ஒரு தண்ணீர்க் குடம், ஒரு மின்விசிறி. விசிறி அவர் தலைக்கு மேல் சுற்றியது.

கரும்பலகையும் அவருடையதுதான். அதனால் என் சுவரில் எழுத்துகளையும் ஏழாம் வாய்ப்பாட்டையும் எனாமல் பெயிண்டால் எழுதினேன்.

"சர்க்கார் கோடம்மா இது," என்று சுவரைத் தட்டினார். "யாரைக் கேட்டு சுவத்துல எழுதினீங்க?"

"போர்டு கேட்டு எத்தனை தடவை எழுதிக் கொடுத்தேன் சார்?"

"மெல்லங்கா பேசுங்க டீச்சரம்மா. உங்க சத்தத்துல எங்க பசங்க தமிழ்ல கூட்டல் போடறாங்க."

"உங்க பிரம்பை மேசையில தட்டாதீங்க. நான் மெல்ல பேசறேன்."

பக்கம் மாறப் பெரிய சடங்கு எதுவும் இல்லை. பிள்ளை எழுந்து, திரும்பி உட்கார்ந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடு வீடாகப் போய்ப் பேசி வந்தார். திங்கட்கிழமை யாராவது திரும்பி உட்காருவார்கள். இன்னும் ஒரு பிள்ளை போனால் தமிழ்ப் பிரிவை மூடிவிடுவார்கள் என்ற நிலை வந்தது. மூடினால் என் வேலையும் போகும். அது அவருக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அம்மா வாசலில் வந்து நின்றாள். வரப்பிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், காலில் சேறு.

"எம்பொண்ண அந்தாண்ட குந்த வைங்க டீச்சர்."

"நல்லா படிக்கிறாளே அக்கா. தமிழ்ல ஆரம்பிச்சா மத்த பாடமும் சுலபமா புரியும்."

"புரிஞ்சி? கம்பெனியில தெலுங்கு கேக்கறான், இங்கிலீஷ் கேக்கறான். தமிழ எவன் கேக்கறான்?" குரலை உயர்த்தினாள். "நீங்க திருப்பதியில இன்ஜினீரு படிச்சவங்களாம். அப்பால வாத்தியார் படிப்பு வேற. அவ்ளோ படிச்சிட்டு இங்க தரையில குந்திக்கினு அ, ஆ சொல்லிக்கினு கீறீங்க. எம்பொண்ணும் அப்டி ஆவணுமா?"

தெலுங்குப் பக்கம் சிரித்தது. தலைமையாசிரியர் சிரிக்கவில்லை, பிரம்பை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். சிறுமி எழுந்தாள். என்னைப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். நாள் முழுக்க அவளுடைய இரட்டைப் பின்னல்தான் எனக்குத் தெரிந்தது.

மாதம் முடிவதற்குள் உத்தரவு வந்தது. அவர் அதை என்னிடம் வாசித்துக்கூடக் காட்டவில்லை. என் பிள்ளைகளைப் பார்த்து, "இட்டு திரகண்ட்ரா" என்று கையசைத்தார். அவர்களே எழுந்து பாயைத் திருப்பிப் போட்டு, அவர் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒரு பிரிவை மூட அவ்வளவு நேரம்தான் ஆனது. அறை முழுக்க எனக்கு முதுகுகள்.

"சுவரைச் சுத்தம் பண்ணிட்டுப் போங்கம்மா," என்றார்.

"எனாமல் சார். தண்ணிக்குப் போகாது."

பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன். பிள்ளைகளுக்கு இனி அந்தச் சுவர் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருப்பது அதுதான்.