நெட் சென்டர் நோட்டில் ஒரு பூனை

எங்கள் அத்தையின் நெட் சென்டரில் என்னைத் தாண்டாமல் யாரும் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து, உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, வருகை நோட்டைத் திறந்துவிட்டால் போதும், எனக்குள் ஒரு தாசில்தார் வந்துவிடுவார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமாகி ஒன்றரை வருடத்திலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். ஏன் திரும்பினாள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்டால் "போய்ப் படி" என்பார்கள். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு கம்ப்யூட்டர்களோடு அவள் போட்ட கடை அது. அந்தக் கடை இருந்ததால்தான் அவள் யார் முகத்தையும் பார்த்து நிற்காமல் நிமிர்ந்து நடந்தாள்.

அந்த வருடம் ஊர் ஊராக நெட் சென்டர்களில் போலீஸ் சோதனை போட்டுக்கொண்டிருந்தது. எவனோ மிரட்டல் மெயில் அனுப்புவான், எவனோ பார்க்கக்கூடாததைப் பார்ப்பான்; மாட்டிக்கொள்வது கடைக்காரர். வருகிறவர்களின் பெயர், நேரம், அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்தவர் செய்கிற குற்றத்துக்குக் கடைக்காரரே பொறுப்பு என்று எஸ்.ஐ. எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அத்தைக்கு அட்டை கேட்பதுதான் ஆகவில்லை. "தெரிஞ்ச பிள்ளையப் பாத்து நீ யாருன்னு கார்டக் காட்டுன்னு எப்படிக் கேக்குறது? மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்காது?" என்பாள். ஆகவே அட்டை நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் "யார் வீடு" என்று ஒரு கட்டம் போட்டாள். நெற்குப்பை ஜவுளிக்கடைக்காரர் இரண்டாவது மகன். குன்றக்குடி பூக்கடை அம்மா மருமகன், துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். நோட்டைப் பார்த்தால் கல்யாண வீட்டு மொய் நோட்டு தோற்றுவிடும்.

நான் சும்மா இருப்பேனா? என் பங்குக்குக் "காரணம்" என்று இன்னொரு கட்டம் சேர்த்தேன். ரிசல்ட் பார்க்க, ரயில் டிக்கெட் எடுக்க என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒரு காலேஜ் அண்ணன் "சும்மா" என்றார். "சும்மா" என்றே எழுதினேன். யாரும் வராமல் ஈ ஓட்டிய நாட்களில் பக்கத்து டீக்கடைப் பூனை வந்து கதவோரம் படுக்கும். அதையும் விடவில்லை. "பூனை. யார் வீடு: டீக்கடை. உள்ளே 5.05. வெளியே 5.20. காரணம்: தூக்கம்."

ஒரு கார்த்திகை நாளில் அத்தை டீக்கடைக்காரரிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குன்றக்குடிக்குச் சாமி கும்பிடப் போனாள். அன்றைக்கென்று கடை காலியாகக் கிடந்தது. நாலு மணிக்கு மேல் ஒரே ஒருவர் வந்தார். சாக்கோட்டை அரிசி மில்காரரின் மூத்த மகள். அத்தைக்கு நன்றாகத் தெரிந்த அக்கா, எனக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு மலேசியா மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது ஊருக்கே தெரியும்.

"பத்தே நிமிஷம்தான் தாயி. நோட்டுல எழுத வேணாமே" என்றார்.

"எழுதாம உட்காரக் கூடாதுக்கா. போலீஸ் பிடிக்கும்" என்றேன் கறாராக. காரணம் கேட்டபோது வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு லெட்டர் அனுப்பணும்" என்றார். "கடிதம் அனுப்ப" என்று எழுதிக்கொண்டேன். உள்ளே 4.20, வெளியே 4.45. கோயிலிலிருந்து வந்த அத்தை வழக்கம்போல் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். உள்ளே இருந்த நாலைந்து பேரையும் வெளியே அனுப்பிவிட்டு எஸ்.ஐ. கல்லா முன்னால் உட்கார்ந்தார்.

"கார்த்திகை அன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு உங்க கடையிலருந்து ஒரு மெயில் போயிருக்கும்மா. மலேசியாவுல ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு. பொண்ணுக்கு வலிப்பு வரும், கோவம் வந்தா கையில கிடைக்கிறத எடுத்து அடிக்கும்னு மொட்டைக் கடுதாசி. கல்யாணம் நின்னு போச்சு. பொண்ணோட அப்பா, சாக்கோட்டை அரிசி மில்காரர், கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காரு. அந்த நேரத்துக்கு யாரு வந்தா? நோட்டை எடுங்க."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக, "அன்னைக்கு நான் கடையில இல்ல சார். நோட்டு எழுதல" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அத்தனை அழகாகக் கோடு போட்டு எழுதியிருக்கிறேன், எழுதவில்லையாமே! "எழுதிருக்கேன் அத்தை, நான்தான எழுதுனேன்" என்று டிராயரை இழுத்துப் பழைய நோட்டை எடுத்து நீட்டினேன். எஸ்.ஐ. கை நீட்டுவதற்குள் அத்தை அதை வாங்கிக்கொண்டாள். வேகமாகப் புரட்டி ஒரு பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது பிள்ளை விளையாடுற நோட்டு சார். நீங்களே பாருங்க."

எஸ்.ஐ. சத்தம் போட்டுப் படித்தார். பூனை, டீக்கடை, தூக்கம். போலீஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பூனைகிட்ட ஐடி புரூஃப் வாங்குனியா பாப்பா?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பக்கம் தள்ளிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என் தோளை அழுத்திய அழுத்தில் வலி உயிர் போயிற்று. "வாய மூடு" என்றாள். அதற்கு முன்னால் ஒருநாளும் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

எஸ்.ஐ. நோட்டை மூடிக் கல்லா மேல் போட்டார். "அப்ப யாரு வந்தான்னு உங்களுக்குத் தெரியாது. தெரியலைன்னா பொறுப்பு உங்க தலையிலதான் விழும். கடையை மூட வேண்டி வரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அத்தை யோசிக்கவே இல்லை. "என் கடைக்கு வந்தவுகளுக்கு நான்தான சார் பொறுப்பு? அப்படியே எழுதிக்கிருங்க" என்றாள்.

ஆறு கம்ப்யூட்டரும் ஜீப்பில் ஏறின. கடைக்குப் பூட்டு விழுந்தது. அத்தை ஒரு மாதம் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாள். "ஒரு நோட்டு எழுதத் துப்பில்ல, ஒனக்கெல்லாம் எதுக்குக் கடை?" என்று அப்பா குதித்தார். நான் அவளோடு கா விட்டேன். அந்த நோட்டு எங்கே என்று தேடினேன். வெந்நீர் அடுப்பில் போய்விட்டது என்றார்கள். அது வேறு எனக்கு இரண்டு நாள் அழுகை.

அந்த மெயிலை எழுதியது அந்த அக்காவேதான். பல வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த சமயத்தில்தான், "உனக்கு உண்மையிலேயே சம்மதமா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்ட அத்தை இதைச் சொன்னாள். மேலே படிக்க வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று அந்த அக்கா மூன்று தடவை வீட்டில் சொல்லியிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு வழி தெரியாமல் தன்னைப் பற்றித் தானே மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார். என் நோட்டு மில்காரர் கைக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணை அடித்து நொறுக்கி, கிடைத்த மாப்பிள்ளைக்கு அந்த வாரமே கட்டி வைத்திருப்பார். எஸ்.ஐ. நேரத்தைச் சொன்ன உடனேயே அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "நம்மளயும் ஒருத்தி அன்னைக்கு இப்படிக் காப்பாத்தியிருக்கலாமேன்னு தோணுச்சு" என்றாள். அவளை நான் அன்றுதான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் பத்து வயதில் எனக்கு என்ன தெரியும்? விசாரணை என்று இழுத்தால் மகள் பெயர்தான் இன்னும் கெடும் என்று நாலு பேர் சொல்ல, மில்காரர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அபராதம் கட்டி, கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இருந்த தடுப்புப் பலகைகளைப் போலீஸ் சொன்னபடி தோள் உயரத்துக்கு அறுத்துவிட்டு, அத்தை மறுபடி கடையைத் திறந்தாள். முதல் நாளே அந்த அக்கா வந்தார். வீட்டில் சும்மா இருப்பதற்குப் படித்துத் தொலையட்டும் என்று அவரை மதுரையில் சேர்த்துவிட்டிருந்தார்கள், மறுநாள் கிளம்புகிறார். சொல்லிக்கொள்ள வந்தவர் அத்தையைப் பார்த்ததும் பேச முடியாமல் வாசலிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுதார். அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. நின்றுபோன கல்யாணத்தை நினைத்துத்தானே அழுகிறார்? ஸ்டூலிலிருந்து இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அழாதீங்கக்கா, அந்த மாப்பிள்ளை போனாப் போறாரு. இத விட நல்ல மாப்பிள்ளையா சீக்கிரமே வந்துருவாரு" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கடையில் நான் கேட்டதில்லை. நன்றாகத்தான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன் போல என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.