மூன்றாவது பாட்டில்

கென்யாவில் எங்கள் ஊரான காப்சாபெட்டில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வெள்ளைக் கார் மெதுவாக ஊர்ந்து வந்தால், அது யாருடைய கார் என்று யாரும் கேட்பதில்லை. ஊக்கமருந்து சோதனைக்காரர் வந்திருக்கிறார். யாரோ ஒரு ஓட்டக்காரரின் சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு நைரோபிக்குத் திரும்பப் போகிறார். எங்கள் தெருவில் வீடுகளுக்கு எண் கிடையாது. அதனால் அவர் என் டீக்கடை முன்னால் நிறுத்தித்தான் வழி கேட்க வேண்டும். கேட்டால் என்ன பதில் வரும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். "அவங்க எல்டோரெட் போயிட்டாங்களே!" எல்டோரெட் பக்கத்து நகரம். ஆள் எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் இதே பதில்தான். மருந்து எடுப்பவர் யார், எடுக்காதவர் யார் என்றெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை. நம் பிள்ளையை வெளியாளிடம் காட்டிக்கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அந்தப் பதிலைச் சொல்லி ஜெமேலியின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான். என் பெயர் செலாகத். என்னைத் திட்ட வேண்டுமானால் கடைசிவரை கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஜெமேலியின் வீடு என் கடைக்கு எதிரே, சோளம் அரைக்கும் மில்லை ஒட்டி, நீலக் கேட் போட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஓடினோம். என் முழங்கால் இருபத்திரண்டு வயதில் போய்விட்டது. நான் அடுப்புக்கு வந்தேன். அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். பத்தாயிரம் மீட்டர். இரண்டு மாடு, பால் லாரி ஓட்டும் கிமையோ என்ற கணவன், வீட்டு வேலை, காலையில் இருபது கிலோமீட்டர், மாலையில் பத்து. முப்பத்து மூன்று வயதாகிவிட்டது.

உலகப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரு ஓட்டத்துக்கு மூன்று பேர்தான் போகலாம். நைரோபியில் நடக்கும் தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நேராக அணிக்குள். மூன்றாவது ஆளைத் தேர்வுக்குழு தன் இஷ்டப்படி எடுக்கும். ஜெமேலி மூன்று தடவை அந்தத் தேர்வில் ஓடினாள். மூன்று தடவையும் மூன்றாவது இடம். முதல் தடவை அனுபவம் போதாது என்றார்கள். அடுத்த தடவை கடைசிச் சுற்றில் வேகம் போதாது என்றார்கள். மூன்றாவது தடவை வயதாகிவிட்டது என்றார்கள். இவளுக்கு எப்போதுதான் சரியான வயது இருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானமா?

தெருவில் அவளுக்கு 'மூணாவது' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருநாள் மில்காரர் செருயோட் என் கடையில் உட்கார்ந்து எண்ணெயில் பொரித்த மந்தாசியை டீயில் முக்கிக்கொண்டே, "என்ன ஜெமேலி, இந்த வருஷமும் மூணாவதா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குப் போய் உங்க பொண்டாட்டியக் கேளுங்க. முதல்ல மாடு, அப்புறம் புள்ளைங்க. மூணாவதாவது நீங்க வர்றீங்களான்னு தெரிஞ்சுக்கிட்டு வந்து என்னைக் கிண்டல் பண்ணுங்க" என்றாள். அவர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

இப்போது விதியைச் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் நிறையப் பேர் மருந்தில் மாட்டிக்கொண்டதால், எங்கள் ஓட்டக்காரர்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு முந்தைய பத்து மாதத்துக்குள், சொல்லாமல் கொள்ளாமல் வரும் சோதனை மூன்று முடிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மூன்று வாரமாவது இருக்க வேண்டும். மூன்று பாட்டில் இல்லாதவள் உலகத்தையே ஜெயித்தாலும் அணியில் இடமில்லை.

ஜெமேலிக்கு நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று என்று இரண்டு முடிந்திருந்தன, இரண்டும் வெளியூர்ப் பயிற்சி முகாமில் இருந்தபோது எடுத்தவை. ஜூன் முதல் தேதிக்குள் மூன்றாவது முடிந்தால் போதும். தினமும் எந்த ஒரு மணி நேரம் வீட்டில் இருப்பாள் என்று போனில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் ஐந்திலிருந்து ஆறு வரை என்று கொடுத்திருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் கழிப்பறைப் பக்கமே போக மாட்டாள். சோதனைக்காரர் வந்து, இவளுக்கு வராமல் போனால், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார், காலை ஓட்டம் போய்விடும். ஆறு மணி ஆனதும் பின்பக்கம் ஒரு ஓட்டம் எடுப்பாள் பாருங்கள், அந்த வேகத்தைத் தேர்வுக்குழு பார்த்திருந்தால் எப்போதோ அணியில் சேர்த்திருக்கும்.

மே மாதம் நடுவில் நல்ல மழை. கார் வந்தது. வபூலா என்ற அந்த ஆள் குடையோடு இறங்கி, "ஜெமேலி வீடு எது?" என்றார்.

அதற்கு முந்தைய வாரம்தான் கீழ்த்தெருப் பெண் ஒருத்தி மருந்தில் மாட்டி, நான்கு வருஷம் தடை வாங்கியிருந்தாள். அவள் அம்மா சர்ச்சுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அந்த அம்மாவின் முகம் என் கண்முன் வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அவ எல்டோரெட் போயிட்டாளே சார். கேட்டைப் பாருங்க, பூட்டியிருக்கு."

கேட் பூட்டித்தான் இருந்தது. கிமையோ நாலு மணிக்கு லாரி எடுக்கும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவான். ஜெமேலி மாட்டுக்கொட்டகை வழியாகத்தான் வெளியே வருவாள். வபூலா போய்த் தட்டினார். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் உள்ளே என்ன கேட்கும்? பிறகு போன் போட்டார். அந்தப் போன் என் கடையில் சார்ஜில் இருந்தது, அவள் வீட்டுப் பக்கம் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. என் கல்லாவுக்குக் கீழே அது அலறியது. நான் மந்தாசி மூடும் துணியை எடுத்து அதன் மேல் போட்டேன். அவர் ஆறு மணிவரை காரில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து, அன்றைக்கு ஜெமேலியின் டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடவே போட்டேன். போனைத் திருப்பிக் கொடுத்தபோது யாரோ கூப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் முதல் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. சோதனைக்கு ஆள் இல்லை, மூன்றாவது சோதனை முடியவில்லை, அணிக்குத் தகுதி இல்லை.

"நான் வீட்லதான் இருந்தேன்! அந்தாள் வரவே இல்ல, பொய் எழுதியிருக்கான்!" என்று ஜெமேலி தெருவையே இரண்டாக்கினாள். மறுநாள் எல்டோரெட் அலுவலகத்துக்குப் போனாள். வெறுங்கையோடு போகவில்லை. பையில் ஒரு பாட்டில், நிரப்பி, மூடி இறுக்கி, துணி சுற்றி. மேஜைமேல் வைத்து, "இந்தாங்க, இன்னும் சூடா இருக்கு. எத்தனை வேணும்னாலும் தர்றேன்" என்றாளாம். அங்கிருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீங்களாகக் கொண்டுவந்தால் செல்லாது, நாங்களாக வர வேண்டும் என்றாளாம். "அப்ப வாங்களேன்டி!" என்று இவள் கத்தியிருக்கிறாள். யாரும் வரவில்லை. ஜூன் முதல் தேதி போயே போய்விட்டது.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மாட்டுக்கொட்டகையில் அவள் பால் கறந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், போன்மேல் போட்ட துணி உட்பட.

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. வாளி நிறைந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். "எதுக்கு அப்படிச் சொன்னே?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"எதுலேருந்து?"

நான் வாளியை எடுக்கக் குனிந்தேன்.

"சொல்லு, செலாகத். பதினெட்டு வருஷமா என்னைப் பாக்குற. நான் என்ன தின்னுறேன், எப்பத் தூங்குறேன், எல்லாம் உனக்குத் தெரியும். ஆனா கார் வந்ததும் உனக்கு என்ன தோணுச்சு? இவளும் ஊசி போடுறவதான்னு தோணுச்சு. தேர்வுக்குழுக்காரன்கூட என்னை அப்படிச் சொன்னதில்ல."

உண்மை. ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நான்கு நாள் அவள் என் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஐந்தாம் நாள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "டீ போடு. வெள்ளிக்கிழமை நைரோபிக்கு நீயும் வர்றே. வந்து அவங்ககிட்ட உன் வாயால சொல்றே."

போனோம். ஸ்டேடியத்துக்குப் பின்னால் தடகளச் சங்கச் செயலாளரின் அறை. நான் செய்ததை அவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், கேட்டுக்கொண்டார். "ஆள் இல்லைன்னு எழுதினதை அழிக்கச் சொல்லி நான் எழுதுறேன்மா. ஆனா நடக்காத சோதனையை நடந்ததா எப்படி எழுதுவேன்? ரெண்டு பாட்டில் மூணு ஆகாது."

"சரி சார்" என்றாள் ஜெமேலி. "நாளைக்குத் தேர்வுல ஓடலாம்ல? மாவட்டத்துல ஜெயிச்சுத்தான் வந்திருக்கேன்."

"ஓடலாம். ஆனா முதலா வந்தாலும் உன்னை அணியில சேர்க்க முடியாதே. எதுக்கும்மா வீணா உடம்பை வருத்திக்கிறே?"

"எனக்குப் பின்னாடி வர்றவங்களுக்குத் தெரியணும்ல சார், பின்னாடிதான் வந்தாங்கன்னு."

மறுநாள் இருபத்தைந்து சுற்று. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினாறாவது சுற்றுவரை அவள் வழக்கம்போல மூன்றாவதாகவே ஓடினாள். பதினேழாவதில் வெளிப்பக்கமாக வந்து முன்னால் போனாள். போனவள் திரும்பியே பார்க்கவில்லை. இருபத்து மூன்றாவது சுற்றில் அவளுக்குப் பின்னால் முப்பது மீட்டருக்கு வெறும் தடம்தான். நான் கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் பேச்சு வரவில்லை.

மைக்கில் அறிவித்தார்கள். முதலிடம் ஜெமேலி. பிறகு அணியின் பெயர்கள்: இரண்டாவதாக வந்தவள், மூன்றாவதாக வந்தவள், தேர்வுக்குழு எடுத்த நான்காவதாக வந்தவள். கூட்டம் ஊளையிட்டது. போட்டோ எடுக்க மூவரும் கொடியோடு நின்றார்கள். அந்த நான்காவது பெண் ஜெமேலியின் முகத்தைப் பார்க்காமல் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தாள். ஜெமேலி அவளிடம் போய், "தலையைத் தூக்கு. நல்லா ஓடு. அங்க யாராவது நீதான் பெஸ்டான்னு கேட்டா மட்டும், வீட்ல ஒருத்தி இருக்கான்னு சொல்லு" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், அழுதுகொண்டே.

முதலாவதாக வந்தவளை அங்கேயே சோதித்தார்கள். அந்தப் பாட்டில் கணக்கில் வராதாம், போட்டிக்களத்தில் எடுத்ததாம். ஜெமேலி நிரப்பிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பியபோது தெருவே சுரைக்குடுக்கையில் புளித்த பாலோடு நின்றது. ஜெயித்து வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது எங்கள் முறை. செருயோட்தான் குடுக்கையை நீட்டினார்.

ஜெமேலி வாங்கவில்லை. "பாலை உலகப் போட்டிக்குப் போயிட்டு வந்து குடிக்கிறேன். இப்ப எனக்கு ஒண்ணு பண்ணுங்க. வெள்ளைக் கார் வந்தா உண்மையைச் சொல்லுங்க."

"காட்டிக்கொடுக்கிற பழக்கம் நமக்கு இல்லையேம்மா" என்றார் செருயோட்.

"என்கிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்லையே, எதைக் காட்டிக்கொடுப்பீங்க? எல்லாரையும் காப்பாத்துறேன்னு சொல்லி என்னையும் திருடியாக்கிட்டீங்களே!"

அன்று மாலையே அவள் நீலக் கேட்டில் வெள்ளைப் பெயிண்டால் முழ நீள எழுத்தில் எழுதினாள்: 'ஜெமேலி இங்கேதான் இருக்கிறாள். எல்டோரெட் போகவில்லை.' பூட்டைக் கழற்றி மில்லின் கூரைமேல் வீசினாள். அடுத்த உலகப் போட்டிக்கு இன்னும் இரண்டு வருஷம். அப்போது முப்பத்தைந்து ஆகிவிடும் என்று கிமையோ சொன்னதற்கு, "ஆகட்டும், அதுக்கு என்ன இப்போ?" என்றாள்.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள், ஐந்தே காலுக்கு, கார் வந்தது. அதே வபூலா. என் கடையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மில் வாசலிலிருந்து செருயோட் கையை நீட்டினார்: "அந்த நீலக் கேட்!" பால் வாங்க வந்தவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளைகள், எல்லாக் கையும் ஒரே பக்கம். "உள்ளதான் இருக்கா! போங்க சார், போங்க!"

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு முன்னால் நடந்து போய், கேட்டை இரண்டு கையாலும் தட்டினேன். "ஜெமேலி! ஆள் வந்தாச்சு!"

"சீக்கிரம் வரச் சொல்லு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூணு மாசமா தினமும் ஆறு மணிவரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு பாட்டில் போதுமான்னு கேளு!"